யாருடைய அகில்?

வாசனைப் பொருள்களைப் பற்றி எழுதுவது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று இவ்விதழின் வாசகருட் சிலர் எண்ணக்கூடும். அரிசி விலையும் ஆசிரியர் சம்பளமும் பேசப்படவேண்டிய பக்கங்களில் அகில் மரத்துக்கு என்ன இடம் என்று அவர்கள் கேட்பின், அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு பொருளின் விலை உயர உயர, அதை விளைவிப்பவனுக்கும் அதை நுகர்பவனுக்கும் இடையேயுள்ள தூரமும் வளர்கின்றது. அந்தத் தூரத்திலேதான் சுரண்டல் குடியிருக்கின்றது. உலகச் சந்தையில் உயர்தரமானது ஒரு கிலோ பல்லாயிரம் டொலர் வரை விலைபோகும் அகில், இன்று நம் தீவின் ஈரவலயக் கிராமங்களுக்குள்ளும் கொழும்பு நகரத்துச் சம்பளக்காரரின் சேமிப்புப் புத்தகத்துக்குள்ளும் ஒருங்கே நுழைந்திருக்கின்றது. எனவே, அதைப் பற்றி நாம் பேசாமலிருத்தல் இயலாது.

நாம் குடியிருப்பது வெள்ளவத்தையில். தொழில் புரிவது கொட்டாஞ்சேனையில். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பஸ் வண்டியில் நாள்தோறும் சென்று வரும் எமக்கு இந்த நகரம் பல சமயங்களில் வாசனைகளாலேயே அடையாளமாகின்றது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலருகே சாம்பிராணிப் புகை. புனித லூசியாள் பேராலயத்தின் தூபம். புறக்கோட்டையில் முஸ்லிம் வணிகரின் அத்தர்க் கடைகளிலே 'ஊத்' என்னும் தைலம். மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பினால் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஊதுபத்தி. ஊதுபத்தியை 'அகர்பத்தி' என்றும் வழங்குகின்றோம். அகர் என்பது அகிலே. ஆனால் பெட்டிக்கடையில் விற்கும் பத்தியில் அகிலின் பெயர்தான் இருக்கின்றது. கரித்தூளும் மரத்தூளும் செயற்கை வாசனை எண்ணெயுமே அதன் உடல். உழைக்கும் மக்களுக்குப் பெயரும், பணம் படைத்தோருக்குப் பொருளும் என்ற பங்கீடு இந்தச் சிறு குச்சியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

அந்தப் பெயரோ நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சந்தைக்கு மேற்கு மலைகளிலிருந்து சந்தனமும் அகிலும் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கின்றது. மலையில் தினை விதைக்க நிலம் திருத்தும் குறவர் அகிலையும் சந்தனத்தையும் வெட்டி எரித்ததைச் சங்கப் பாடல்கள் பலவற்றிற் காணலாம். அந்த மேற்கு மலை அகில் இன்று நாம் பேசும் மரமாக இல்லாதிருக்கலாம். கேரளத்திலே 'வெள்ளகில்' என வழங்கும் மரம் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கடல் கடந்து வந்த அகிலும் தமிழருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் புரட்டினால், அகில் வகைகளுள் 'கிடாரவன்', 'தக்கோலி' என்னும் பெயர்கள் வருகின்றன. கிடாரம் மலாயாவின் கெடா; தக்கோலம் இன்றைய தாய்லாந்துக் கரையைச் சேர்ந்தது என்பர். துறைமுகத்தின் பெயரே சரக்கின் பெயராகியிருக்கின்றது. பின்னர் போர்த்துக்கேயர் மலையாளக் கரையிலே கேட்ட 'அகில்' என்ற சொல்லைத் தம் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு மயங்கவைத்தனர். அதனால் ஆங்கிலத்தில் அது கழுகு மரமாயிற்று. தாவரவியலார் அம்மரச் சாதிக்கு வைத்த 'அக்குயிலேரியா' என்ற இலத்தீன் பெயரிலும் கழுகே சிறகடிக்கின்றது. பெயரை நாம் கொடுத்தோம், பொருளைப் பிறர் கொண்டனர் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வாசனை எக்காலத்திலும் கப்பலேறிச் செல்லும் வாசனையாகவே இருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அகில் என்பது என்ன? ஊறுபடாத அகில் மரத்தை வெட்டினால் வெளிறிய, கனமற்ற, மணமற்ற கட்டையே கிடைக்கும். அது நல்ல பலகைக்கும் உதவாது. மரத்துக்குக் காயம் உண்டாக வேண்டும். அக்காயத்தினூடே நுண்ணுயிர்கள் புக வேண்டும். மரம் அவற்றை எதிர்க்க வேண்டும். அந்த எதிர்ப்பின் விளைவே நறுமணப் பிசின். மனித உடலிலே காயம் ஆறிப் புதுத்தோல் முளைப்பது போல மரத்தில் நிகழ்வதில்லை. மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை; அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகின்றது. அகில் மரத்தின் காழினுள்ளே, வேறு பெரும்பாலான மரங்களில் இல்லாத வகையில், உரிய இழையத்தின் திட்டுக்கள் சிதறிக் கிடக்கின்றன. அவ்விடங்களில் உயிருள்ள கலங்கள் தம்மிடம் சேமித்து வைத்த மாப்பொருளைச் செலவிட்டு, செஸ்குவிடர்ப்பீன்கள், குரோமோன்கள் என்னும் சேர்வைகளை ஆக்குகின்றன. வெளிறிய கட்டை மெல்ல மெல்லக் கபிலமாகிக் கறுக்கின்றது, கனக்கின்றது. உயர்தர அகில் நீரில் அமிழ்ந்துவிடும். சீனர் அதற்கு இட்ட பெயரின் பொருளே 'அமிழும் வாசனை' என்பதாகும்.

இந்த உண்மையை முதலிற் கண்டவர்கள் ஆய்வுகூடத்தார் அல்லர். அசாமின் மேற்பகுதியில் வீட்டு வளவிலே அகில் வளர்க்கும் கமக்காரர், தண்டைத் துளைக்கும் ஒருவகைப் புழு புகுந்த மரத்திலேதான் வாசனை விளைகின்றது என்பதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சில்ஹெட் பகுதியிற் கிராமத்தவர்கள் மரத்தில் வரிசை வரிசையாக இரும்பாணி அறைந்து காத்திருப்பர். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் பரவும். கல்கத்தாவைச் சேர்ந்த பங்கசு ஆராய்ச்சியாளர் சகாய ராம் போஸ் 1938இல் அகில் உண்டாகும் இயல்பைப் பற்றி எழுதி, பங்கசுகளின் பங்கை ஆராய்ச்சி உலகின் முன்வைத்தார். ஆணியும் புழுவும் கதவைத் திறப்பவை. உள்ளே சென்று குடியேறுபவை பங்கசுகள் என்ற கருத்து இவ்வாறு உருவாயிற்று.

பங்கசு என்று வகுப்பறையிலும் பூஞ்சணம் என்று வீட்டிலும் நாம் சொல்லும் இவ்வுயிரினத்தைப் பற்றி நம்மவருக்கு அருவருப்பே மிகுதி. அப்பத்துக்குக் கரைத்த மாவைப் பொங்கவைக்கும் கள்ளின் மதுவமும் ஒரு பங்கசுதான் என்று சொன்னால் மாணவர் சிரிக்கின்றனர். 1928இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் ஒரு பூஞ்சணத்தின் கொடை என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. ஆனால் நம் தீவின் சமூக வரலாற்றையே ஒரு பங்கசு புரட்டிப்போட்டது என்பதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. 1880இல் இங்கு அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அந்நோயின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே அந்தப் பங்கசுக்கு விருந்தானது என்பது அதிலிருந்து உலகம் கற்ற பாடம். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் வந்துபோன தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையால் லயத்து அறைகளில் நிலையாகக் குடியேற்றப்பட்டனர். 1948இல் அவர்களின் வழித்தோன்றல்களது குடியுரிமையே பறிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத வித்தி ஒன்று காற்றிற் பறந்தால், அதன் பயனை யார் பெறுவார், கேட்டை யார் சுமப்பார் என்பதைத் தீர்மானிப்பது உயிரியல் அன்று, சமூக அமைப்பே. அகிலைப் பற்றிப் பேசும்போதும் இதை மறத்தலாகாது.

இனி, கலப்புப் பங்கசு என்ற முறைக்கு வருவோம். காட்டில் இயற்கையாக விளைந்த அகிற்கட்டையின் ஒரு துண்டை எடுத்து, அதன் மேற்பரப்பைக் கிருமி நீக்கி, வளர்ப்பூடகத்தின் மீது வைத்தால், அதிலிருந்து ஒரேயொரு பங்கசு எழுவதில்லை. பியூசேரியம், அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம், திரைக்கோடேர்மா, லாசியோடிப்லோடியா என ஒரு கூட்டமே எழும்புகின்றது. (அந்த வளர்ப்பூடகத்தை இறுகவைக்கும் 'ஏகார்' கடற்பாசியிலிருந்து வருவது, மலாய்ச் சொல். அகருக்கும் அதற்கும் உறவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) ஒன்று மரத்தின் கலச்சுவரைக் கரைத்து வழி செய்கின்றது, மற்றொன்று அவ்வழியே பரவுகின்றது, வேறொன்று மரத்தின் அபாய அறிவிப்பைத் தூண்டுகின்றது. லாசியோடிப்லோடியாவின் கதை வியப்புக்குரியது. 1962இல் மல்லிகை இன மலரொன்றின் தைலத்தில் ஒரு வாசனைச் சேர்வையைக் கண்டு அதற்கு மல்லிகையின் பெயரையே இட்டனர். அதன் நெருங்கிய உறவான யஸ்மோனிக்கமிலம், தாவரங்கள் காயமுறும்போது தம்முள்ளே எழுப்பும் அபாயக் குரல் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே அமிலத்தை லாசியோடிப்லோடியா தானும் ஆக்குகின்றது. எதிரியின் மொழியிலேயே இப்பங்கசு பேசுகின்றது. மரம் அதைக் கேட்டுப் பிசின் சுரக்கின்றது.

ஒரே பங்கசைச் செலுத்தினால் மரம் விரைவிற் சுவர் எழுப்பி அதை அடைத்துவிடக்கூடும்; கறுப்புத் திட்டு துளையைச் சுற்றிச் சிறிதாகவே நின்றுவிடும். ஒத்து வாழக்கூடிய பல பங்கசுகளைச் சேர்த்துச் செலுத்தினால் தூண்டுதல் நீடிக்கும், பிசினிற் சேர்வைகளும் பலவகைப்படும் என்பதே கலப்பு முறையின் எதிர்பார்ப்பு. ஆயின், கண்டதையெல்லாம் கலப்பது கலவையாகாது. திரைக்கோடேர்மா போன்றவை அயலில் வளரும் பங்கசை அடக்கி உண்ணும் இயல்புடையவை. ஆகவே ஒரே தட்டில் இரண்டிரண்டாக வளர்த்து, எது எதனோடு இசைந்து போகும் என்று பார்க்க வேண்டும். பின்னர் திரவத்திலோ மரத்தூளிலோ பெருக்கி, தண்டைச் சுற்றி ஏணிப்படி போலச் சிறு துளைகள் இட்டு, உள்ளே செலுத்தி, மெழுகால் அடைத்து, மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் காத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, துளை மட்டும் இட்டுப் பங்கசு செலுத்தாத மரங்களையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில் வெறும் துளையும் ஓரளவு கறுப்பை உண்டாக்கும். அந்த ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையே அன்று.

நம் நாட்டில் இதற்கு இடம் எது? இலங்கையின் ஈரவலயத்தில் வல்லப்பட்டை என்றொரு மரம் உண்டு. சிங்களத்தில் 'பட்ட' என்பதும் நமது 'பட்டை' என்பதும் ஒன்றே. பட்டையை உரித்தால் நாராக வரும். கிராமத்தவர் அதைக் கயிறாகத் திரித்துப் பயன்படுத்தினர். அகிலின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்துக்கு ஜைரினொப்ஸ் வல்லா என்பது அறிவியற் பெயர். 1791இல் கேர்ட்னர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் அதனை நூலில் பதித்தபோதே 'வல்லா' என்ற நம் தீவின் சொல் இலத்தீனுக்குட் சென்றுவிட்டது. எனினும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது கயிற்று மரமாகவே நின்றது. 2012இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதன் தண்டில் அகிலை ஒத்த பிசின் உண்டாகின்றது என்பதை வெளியிட்டனர். 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், அஸ்பெர்ஜிலஸ் நைஜர், பியூசேரியம் சொலானி என்னும் இரு பங்கசுகளை வல்லப்பட்டையிற் செலுத்திப் பிசினைத் தூண்டலாம் என்பதைக் காட்டினர். அஸ்பெர்ஜிலஸ் நைஜரை நம்முள் அறியாதவர் யார்? புறக்கோட்டை வெங்காய மூடைகளில் கருந்தூளாகப் படிந்திருப்பது அதுவே. மூடை சுமக்கும் தொழிலாளியின் தோளிலே நாள்தோறும் ஒட்டும் அந்தக் கறுப்பு, அரபு நாட்டு மாளிகையிலே புகையும் வாசனைக்குத் திறவுகோலாகின்றது.

ஆனால் ஆய்வு கிராமத்தை அடைவதற்கு முன்பே வியாபாரி அதை அடைந்துவிட்டான். 2012 முதலாகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டைச் சீவல்களோடு பயணிகள் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வரலாயின. அகிற் சாதிகள் இரண்டும் முழுமையாக 2004இல் பாங்கொக் மாநாட்டின் தீர்மானத்தால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையினுள் கொண்டுவரப்பட்டவை. நமது சட்டத்தின்படியும் அனுமதியின்றி வல்லப்பட்டையை வெட்டுவதும் கடத்துவதும் குற்றம். சட்டம் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. காட்டு மரங்களிற் சிலவற்றிலேதான் பிசின் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து அதை அறிதல் எளிதன்று. எனவே ஒரு மரத்திற் பிசின் காண்பதற்காகப் பல மரங்கள் வீணே வெட்டப்படுகின்றன. ஆனால் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீள்கின்றது என்பதையும் கவனிக்க வேண்டும். காட்டோரத்தில் கத்தியோடு நிற்பவனையும் பயணப்பையோடு வரிசையில் நிற்பவனையும் அது எட்டிப் பிடிக்கின்றது. சீவலைத் தைலமாக வடித்து ஆயிரம் மடங்கு விலைக்கு விற்பவன் அந்த வரிசையில் நிற்பதில்லை. றப்பர் மரம் சீவி வயிறு வளர்க்கும் கிராமத்தவனுக்குத் தன் வேலியோரத்து மரம் பெறுமதியானது என்று முதலிற் சொன்னவன் ஆசிரியனோ விவசாய அதிகாரியோ அல்லன், கள்ளக் கடத்தற்காரன்தான். இது நம் கல்வி முறைக்கு நேர்ந்த வெட்கம்.

கிராமத்துக்குக் கடத்தற்காரன் வந்தான் என்றால், நகரத்துக்கு வேறொருவன் வந்தான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது, மாதச் சம்பளக்காரர் தம் சேமிப்பு கண்முன்னே கரைவதைக் கண்டனர். அதன் பின்னர் ஒரு நாள், கொட்டாஞ்சேனையில் எமது ஆசிரியர் ஓய்வறைக்கு மர முதலீட்டு நிறுவனம் ஒன்றின் முகவர் வந்தார். கையிலே பளபளக்கும் படங்கள். தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து அகில் மரக்கன்றுகளை எம் பெயரில் நட்டு வளர்த்து, உரிய பருவத்தில் 'நன்மை செய்யும் பங்கசுக் கலவை' செலுத்தி, டொலரில் விற்று, பல மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எம்மோடிருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் மாஸ்டர் ஒருவர், தம் மகளின் கலியாணத்துக்கென வைத்திருந்த சேமலாப நிதிப் பணத்தை அதில் இடலாமா என்ற யோசனையோடு வந்திருந்தார். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, துளை மட்டும் போட்டு மருந்து போடாத மரங்களும் உங்களிடம் இருக்கின்றனவா?"

"ஏன் சேர், வீணாக நட்டத்துக்கு ஒரு மரத்தை விடவேண்டும்?" என்றார் முகவர்.

மாஸ்டர் புன்னகைத்தார். கலவையில் எந்தெந்தப் பங்கசுகள் உள்ளன என்று நாம் கேட்டோம். அது கொம்பனி இரகசியம். மரத்தின் தரத்தை நிர்ணயிப்பவர் யார் என்று கேட்டோம். கொம்பனியே. விலைகொடுத்து வாங்குபவர் யார்? அதுவும் கொம்பனியே. துளையிடுபவர், கட்டை சீவுபவர் பெறும் நாட்கூலி என்ன என்று கேட்டபோது, அத்தகைய கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை என்று அவர் உண்மையாகவே வியந்தார். அந்த இளைஞர்மீது எமக்குக் கோபமில்லை. அவரும் தரகுப் பணத்தால் வாழும் ஒரு சம்பளக்காரரே. மாஸ்டர் தம் பணத்தை வங்கியிலேயே விட்டுவைத்தார். ஆனால் அவரைப் போல் ஒப்பீட்டு மரத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தாவரவியல் கற்காத ஒரு தையற்காரியும் முச்சக்கர வண்டி ஓட்டுநரும் எதைக் கொண்டு அந்தப் படங்களை எடைபோடுவர்? விஞ்ஞானம் ஒரு வகுப்பாரிடம் மட்டும் இருக்கும்போது, மற்றவர்களுக்கு அது மந்திரமாகவே வந்து சேர்கின்றது. மந்திரத்துக்குக் காணிக்கை வைக்கவேண்டியும் இருக்கின்றது.

இரகசியம் என்னும் அந்தச் சொல்லை நாம் எளிதில் விட்டுவிடலாகாது. அகில் மரத்துக்குக் காயமுண்டாக்கி, அக்காயம் மூடிவிடாமற் காத்து, பிசின் விளைவிக்கும் முறைக்கு 2005இல் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேட் பிளாஞ்செற்றும் அவருடன் உழைத்தவர்களும் வியட்நாமில் ஆண்டுக்கணக்காகச் செய்த ஆய்வு மதிப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சில்ஹெட்டில் ஆணி அறைந்த கிராமத்தவனுக்கும் அசாமிற் புழுவின் வழியைக் கண்டறிந்த கமக்காரனுக்கும் காப்புரிமை அலுவலகத்தில் பெயர் இல்லை. சீனத்தில், மருத்துவமனையில் நோயாளிக்குச் சேலைன் ஏற்றுவது போல மரத்தினுள்ளே தூண்டுதிரவம் ஏற்றும் முறையை வகுத்திருக்கின்றனர். இந்தோனேசியாவில் பல தீவுகளின் பியூசேரியங்களைத் திரட்டி ஒப்பிட்டிருக்கின்றனர். அறிவு எங்கும் வளர்கின்றது. நம் மண்ணின் மரத்திலிருந்து, நம் மண்ணின் பங்கசை, நம் வரிப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகம் பிரித்தெடுத்தால், அது யாருக்குச் சொந்தம் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

'நன்மை செய்யும்' என்ற அடைமொழியையும் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். பியூசேரியம் சொலானி அகிலுக்கு நன்மை செய்யலாம். அவரைக்கும் வேறு பல பயிர்களுக்கும் வேரழுகலைக் கொண்டுவருவதும் அதுவே. லாசியோடிப்லோடியாவின் இனப்பெயரே கொக்கோவிலிருந்து வந்தது. கொக்கோ, மா, வாழை முதலியவற்றை வாட்டும் நோய்க்காரணி அது. எந்தப் பங்கசும் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. எந்த மரத்தில், எந்த அளவில், யாருடைய மேற்பார்வையில் என்பதே அதை நல்லதாக்குகின்றது. பெயர் தெரியாத கலவையொன்றை ஈரவலயத்துத் தோட்டங்களிலே ஆயிரக்கணக்கான துளைகளில் ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டு வாழை வாடினால் யாரிடம் சென்று முறையிடுவது? அகிலை மட்டுமே ஏக்கர் ஏக்கராக நட்டு வைத்தால், 1869இன் கோப்பித் தோட்டங்களை மறுபடியும் நட்டவர்களாவோம். வல்லப்பட்டையோ அவ்வாறு வளர்வதன்று. பிற மரங்களின் நிழலில், அவற்றின் நடுவே நிற்கும் மரம் அது. வீட்டுத் தோட்டத்துக்கே உரியது.

இதற்கு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே முன்மாதிரி இருப்பதைச் சுட்டிக்காட்டலாம். அகலவத்தையிலுள்ள றப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 100 என்னும் றப்பர் இனம் பெருந்தோட்டத்துரைகளின் வேலிக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. சிறு நிலச் சொந்தக்காரரின் தோட்டத்துக்கும் சென்றது. அதுபோல, சோதித்துத் தேர்ந்த பங்கசு வளர்ப்புகளைப் பொது நிலையமொன்று பேணி, பெயரும் அளவும் வெளிப்படையாக எழுதி, குறைந்த விலைக்குக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கலாம். வீட்டுத் தோட்டத்தில் வல்லப்பட்டை வளர்ப்பவனுக்கு மரத்தைப் பதிவு செய்யவும், பதிந்த மரத்தை முறைப்படி விற்கவும் எளிய வழி வகுக்கலாம். அப்போது காட்டு மரம் தப்பும். கத்தியோடு காட்டுக்குட் செல்பவன் தன் வளவிலேயே துளைக் கருவியோடு நிற்பான். தைலம் வடிக்கும் கொப்பரை கூட்டுறவின் சொத்தாயின், சீவலாக விற்பதற்கும் தைலமாக விற்பதற்கும் இடையேயுள்ள இலாபம் கிராமத்திலேயே தங்கும். தரம் பிரிப்பதற்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடமே நடுவராக நிற்கலாம். இவற்றுள் எதுவும் கனவன்று. இதற்கு வேண்டிய ஆய்வுகூடமும் கமக்காரனும் மரமும் பங்கசும் நம்மிடம் உள்ளன. இல்லாதது அரசியல் விருப்பமே.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பங்கசுகளைப் பற்றிய பாடத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் வெங்காயத் தோலிலிருக்கும் கறுப்பையும் அப்ப மாவின் நுரையையும் மாணவன் முன்வைத்து, கோப்பியின் அழிவையும் லயத்து அறையின் பிறப்பையும் வல்லப்பட்டையின் கதையையும் ஒரே தொடராகச் சொல்லிக்கொடுத்தால், அவன் நாளை எந்த முகவரிடமும் ஒப்பீட்டு மரம் எங்கே என்று கேட்பான். மாணவர்கள் தங்கள் ஊருக்கு விடுமுறையிற் செல்லும்போது, வேலியோரத்து மரங்களின் பெயரைத் தம் பாட்டன்மாரிடம் கேட்டு எழுதிவரட்டும். ஈரவலயத்துச் சிங்களக் கிராமத்து மாணவன் 'பட்ட' என்று எழுதுவதும் கொட்டாஞ்சேனைத் தமிழ் மாணவன் 'பட்டை' என்று எழுதுவதும் ஒரே மரத்தைப் பற்றியதாயிருக்கும்.

அகில் மரம் தனக்கு நேர்ந்த ஊறுக்கு எதிராகத் தன் சேமிப்பு முழுவதையும் செலவிட்டு அந்தப் பிசினை ஆக்குகின்றது. அதை வளர்த்தவனும் துளையிட்டவனும் சீவியவளும் தம் உழைப்பைச் செலவிடுகின்றனர். வாசனை மட்டும் அவர்கள் எவரும் கண்டிராத மண்டபங்களிற் புகைகின்றது. பங்கசுகளைக் கலந்து பிசினைப் பெருக்கும் வித்தையை விஞ்ஞானம் கற்றுத்தந்துவிட்டது. விளைந்ததைப் பங்கிடும் வித்தையை நாம்தான் கற்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும்.